கெஸ்ட் வரும் நாள்

வில்லியனூருக்கு மேற்கே நான் இருந்த இல்லத்தை இடித்து மனை போட்டுவிட்டார்கள் என்று சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நான் வருத்தப்படுவேன் என்று எண்ணி, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. நடக்க முடியாத பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் இருந்த ஒரே இடம் அதுதானே, எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கிறார்கள் என்று இழுத்தார். போட்டார்கள். நானும் தின்றேன். அதற்குப் பதிலாக எங்களிடம் என்ன வாங்கிக்கொண்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. டீ குடித்துக்கொண்டே சொல்லி முடிக்கிற விஷயமும் அல்ல அது.

எங்கள் ஊர் புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூனில் ஒரு கடலோரக் குப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா கூடையில் மீன் சுமந்து கிருமாம்பாக்கம், பாகூர், சில நாள் குருவிநத்தம் வரைக்கும் தெருத் தெருவாக விற்பவள். எனக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது இரண்டு காலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. போலியோ என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லவில்லை. கால் செத்துப்போச்சு என்றார்கள். குப்பத்தில் எனக்கு வேறு பெயர் வைத்தார்கள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

படகு கிளம்புகிற நேரத்தில் நான் வாசலில் உட்கார்ந்திருக்கக் கூடாது. என் முகத்தில் விழித்துப் போனால் வலை வெறும் வலையாக வரும் என்று எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் அப்பாவிடம் சொன்னார். அப்பா அவரோடு சண்டை போடவில்லை. வீட்டுக்குள் வந்து, காலையில் இவளை வெளியே விடாதே என்று அம்மாவிடம் சொன்னார். அவர் என்னை அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. என்னைப் பார்க்காமலே அந்தச் சின்ன வீட்டுக்குள் நடமாடப் பழகிக்கொண்டார். அது அடியைவிடச் சுலபமாக அவருக்கு வந்தது.

பள்ளியில் சேர்க்கும் வயது வந்தபோது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போனாள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தனியாக இடம் இருக்கிறது, அங்கே போங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா அந்தத் தனி இடம் எங்கே என்று சொன்னார். அம்மாவுக்கு மனசில்லை. அப்பாவுக்கு அன்றைக்கே போகவேண்டும் போலிருந்தது. அவர் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டது என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. அந்த இல்லத்தில் கொண்டுபோய் விடுவதற்காக.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், இல்லத்தில்தான் நான் முதன்முதலாக நின்றேன். யாரோ கொடுத்த நன்கொடையில் காலுக்கு அளவெடுத்துக் கம்பியும் தோலும் வைத்த ஷூ செய்து தந்தார்கள். காலிப்பர் என்பார்கள், எங்களுக்கு அது ஷூதான். இடுப்புவரை பட்டி போட்டு இறுக்கி, இரண்டு பக்கமும் அக்குள்கட்டையை ஊன்றி எழுந்து நின்றபோது, எங்களைப் பார்த்துக்கொள்கிற மேட்ரனுடைய மேசைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு கைமணி, கடித்து வைத்த பிஸ்கட். அதுவரை மேசை என்றால் எனக்கு நாலு கால்தான். அன்று இரவு ஷூவைக் கழற்றமாட்டேன் என்று அழுதேன். மேட்ரன் சிரித்தார். அவர் எப்போதும் கெட்டவராக இருந்தார் என்று நான் சொல்லவில்லை.

படிப்பு என்று ஒன்று இருந்தது. கால் வராத பிள்ளைகள், காது கேட்காத பிள்ளைகள், கண் தெரியாத ஒரு பையன், எல்லோருக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே டீச்சர், ஒரே பாடப்புத்தகம். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை நான் எத்தனை வருடம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் அட்டையைப் பார்த்துக்கொண்டே உள்ளே இருப்பதை ஒப்பிப்பேன். மத்தியானத்துக்கு மேல் படிப்பு கிடையாது. மெழுகுவர்த்தி ஊற்றுவோம், காகித உறை ஒட்டுவோம். அவை கெஸ்ட் வாங்குவதற்காக.

இல்லத்தில் எல்லாமே கெஸ்ட்டுக்காகத்தான். புதுச்சேரி டவுனிலிருந்து வருவார்கள், சில சமயம் வெள்ளைக்காரர்கள் வருவார்கள். பெரும்பாலும் பிறந்தநாள் கொண்டாட வருகிற குடும்பங்கள். அவர்கள் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் எங்களுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு. நாங்கள் வரிசையாக உட்கார்ந்து கைதட்டி இங்கிலீஷில் பாட்டுப் பாட வேண்டும். முன்னபின்ன தெரியாத ஒரு பிள்ளை, பட்டுப்பாவாடையில் நின்றுகொண்டு, மூக்கைப் பொத்தலாமா வேண்டாமா என்று அம்மாவைப் பார்க்கும். எங்கள் பிறந்தநாள் எது என்று அங்கே யாருக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை.

கெஸ்ட் வரும் நாளில் ஷூவைக் கழற்றிவிட வேண்டும். அதுதான் சட்டம். தரை புதிதாக மொசைக் போட்டது, கம்பி பட்டால் கீறிவிடும் என்று மேட்ரன் சொல்வார். வராந்தாவில் ஒரு பக்கம் நாற்காலி போட்டுக் கெஸ்ட் உட்காருவார்கள். எங்களுக்குக் கோடியில் பாய். சாப்பாட்டு மணி அடித்ததும் அந்தப் பாயிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் நாற்காலிகளுக்கு முன்னால் தவழ்ந்து போவோம். பின்பக்கமாகவும் ஒரு வழி உண்டு. அதுதான் கிட்டம். கெஸ்ட் வரும் நாளில் மட்டும் அந்தக் கதவைச் சாத்தி வைப்பார்கள்.

தவழும்போது எதிரே கால்கள்தான் தெரியும். ஹீல்ஸ் செருப்பு, பாலிஷ் போட்ட ஷூ, மெட்டி போட்ட விரல்கள். மேலே யாராவது 'ஐயோ பாவம்' என்பார்கள். ஒரு தடவை ஒரு அம்மாள் அழுதே விட்டார். அவரை எழுப்பிக் கூட்டிப்போய்ச் சோடா கொடுத்தார்கள். எனக்குப் பசித்துக்கொண்டிருந்தது.

இல்லத்தின் தலைவரை எல்லோரும் ஐயா என்போம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவரைப் பற்றிப் பேசும்போது கெஸ்ட்டெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இன்றைக்கும் மெதுவாகப் பேசுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு உள்ளுக்குள் எரிகிறது.

ஒரு நாள் மேட்ரன் அவரிடம், பிள்ளைகள் முட்டி தேய்கிறது, இந்த ஒரு தடவை ஷூவோடு விட்டுவிடலாமா என்று கேட்டார். நாங்கள் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்து உறை ஒட்டிக்கொண்டிருந்தோம்.

"வேணாம்மா. ஷூ போட்டு நின்னுகிட்டு இருந்தா நல்லாத்தானே இருக்காங்கன்னு போயிடுவாங்க. தவழ்றத பார்த்தாத்தான் மனசு எளகும்" என்றார் ஐயா.

ரகசியமாகச் சொல்லவில்லை. காது கேட்காத பிள்ளைகள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மொசைக் தரை கீறும் என்று நான் அதுவரை நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தேன். ஷூவோடு நடக்கும் சாதாரண நாட்களிலும் தரைக்கு வலிக்காமல் பார்த்துப் பார்த்துக் கட்டையை ஊன்றினேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத் துணிக்கடைக்காரர் ஒருவரின் மகளுக்குப் பிறந்தநாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். எனக்கு அப்போது பதினொன்று. இரண்டு அடுக்குக் கேக், அட்டைப்பெட்டி நிறையப் பொம்மை, எங்களுக்கு ஆளுக்கொரு கவுன் என்று வந்து இறங்கியது. பாட்டுப் பாடினோம். மணி அடித்தது. வரிசையில் நான் மூன்றாவதாகத் தவழ்ந்தேன். அந்தப் பெண் நாற்காலிக்கு நேரே நான் வந்தபோது அவள் தன் அம்மாவிடம், இவர்கள் ஏன் நடக்கமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டாள். நல்ல கேள்வி. அவள் அம்மா, அவர்களால் முடியாதம்மா என்றார்.

நான் நின்றேன். நின்றேன் என்றால், தவழ்வதை நிறுத்தினேன்.

"முடியும். ஷூவ கழட்டி உள்ள வச்சிட்டாங்க. நீங்க வர்றீங்கன்னுதான் கழட்டுனாங்க" என்றேன்.

வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். துணிக்கடைக்காரர் ஐயாவைப் பார்த்தார். ஐயா சிரித்துக்கொண்டே, குழந்தை ஏதோ சொல்கிறது என்றார். துணிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. சாப்பாடு பரிமாறுகிற வரைகூட அவர்கள் இருக்கவில்லை. கேக்கை வெட்டாமல், கவுன் பெட்டியைத் திறக்காமல், வந்த வேனிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெண் மட்டும் வேன் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

என்னை யாரும் அடிக்கவில்லை. ஐயா கிட்டே வந்து குனிந்து, உனக்கு ஷூ இருப்பதால்தானே இவ்வளவு வாய், கொஞ்ச நாள் அது இல்லாமல் இருந்து பார் என்று தன் மெதுவான குரலில் சொன்னார். ஷூவை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார்கள். மற்றவர்களுக்குச் சாயங்காலமே திருப்பிக் கொடுத்தார்கள்.

கக்கூஸ் பின்பக்கம், சரளைக்கல் கொட்டிய பாதைக்கு அந்தப் பக்கம். ஒருநாளைக்கு எத்தனை தடவை போக வேண்டுமோ அத்தனை தடவையும் அந்தக் கல் மேல் தவழ்ந்தேன். முட்டியில் தோல் உரிந்து, அது காய்வதற்குள் மறுபடியும் உரிந்தது. மேட்ரன் ஊதா மருந்து தடவினார். ஷூவைப் பற்றிக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதைவிட மோசம் பிள்ளைகள். எனக்குப் பக்கத்துப் பாயில் படுக்கிறவள் திருக்கனூர் பக்கத்துப் பெண், என்னைவிடப் பெரியவள். அவளுக்கு ஒரு கால்தான் வராது. நொண்டியடித்துக்கொண்டே எனக்கு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அன்றிலிருந்து வைக்கவில்லை. என் தட்டை எட்டாத இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"தவழ்ந்தா செத்தா பூடுவ? எத்தினி வருசமா தவழ்றோம். ஒன்னால கேக்கு போச்சி, கவுனு போச்சி" என்றாள்.

நான் நியாயம் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள், "ஒனக்கு ஒங்கம்மா வந்து இட்டுகினு பூடுவாங்க. எனுக்கு யாருடி வருவா?"

அவளுக்கு யாரும் வரவில்லை. பிறகும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்றும் இரண்டும் கலந்துதான் இருக்கிறது, எது அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை.

பெற்றவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். அப்பா ஒரு தடவையும் வந்ததில்லை. அம்மா தவறியதில்லை. காலையில் மீனை விற்றுவிட்டு, அதே புடவையோடு கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறி, புதுச்சேரியில் இறங்கி, மறுபடி வில்லியனூர் பஸ் பிடித்து வருவாள். கவிச்சி அடிக்கிறது என்று அவளை உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் உட்கார வைப்பார்கள். நான் ஷூவோடு டக் டக்கென்று நடந்து அவளிடம் போவேன். அந்த நடையைப் பார்க்கத்தான் அவள் வந்தாள் என்று நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தவழ்ந்து போனேன். கொட்டகையிலிருந்து எழுந்து வந்து பாதி வழியில் என்னைத் தூக்கினாள். பாவாடையை விலக்கி முட்டியைப் பார்த்தாள்.

"ஷூ எங்கடி?"

பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றேன். ஏன் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை வராந்தாப் படியில் உட்கார வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே ஆபீஸ் அறைக்குள் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

ஐயா அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. பாப்பாவுக்கு வாய் அதிகமாகிவிட்டது, கொஞ்சம் அடங்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தோம், அவள் நன்மைக்குத்தான் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அம்மா முழுவதையும் கேட்டாள்.

"சரிங்க ஐயா. ஷூவ எடுத்துக் குடுங்க. நான் இட்டுகினு போறேன்."

"இட்டுகிட்டு போறதுன்னா போம்மா, நான் தடுக்கல. ஆனா ஷூ இல்லத்துக்குச் சொந்தம். டொனேஷன்ல வந்தது. வெளிய குடுக்க முடியாது."

"அது அவ காலுக்கு அளவெடுத்துதான செஞ்சீங்க? வேற யாருக்குச் சேரும்?"

"அது எங்க கவலம்மா."

ஐயா, வாங்க, போங்க என்று அதுவரை மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவள் அதற்குப் பிறகு அந்த மரியாதையை விட்டாள்.

"நீயே வச்சிக்க. ஒன் காலுல மாட்டிகினு நீ தவழு, நாலு பேரு வந்து பாக்கட்டும்" என்றாள்.

வெளியே வந்து என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். என் துணிமணி உள்ளே இருந்தது. அதை எடுக்கப் போகவில்லை. மேட்ரன் கேட்டுவரை ஓடிவந்து, அவசரப்படாதீர்கள், நான் பேசிப் பார்க்கிறேன் என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. பதினொரு வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி கரும்புக்கொல்லை வழியாக ரோட்டுக்கு நடந்தால் எப்படி இருக்கும். நாலு தப்படிக்கு ஒருதரம் என்னை மேலே உதறி ஏற்றிக்கொண்டாள். ஷூ போச்சே என்று நான் முனகினேன். வாயை மூடு என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வலை பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தார் என்று ஞாபகம்.

"எதுக்கு இட்டாந்த? அங்க மூணு வேள துன்னுகினு இருந்துச்சி இல்ல" என்று அம்மாவிடம் கேட்டார்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு அறுந்தது. சோறு போடுவாள், அவர் தின்பார். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் என் மூலமாகச் சொல்வார்கள். என்னைப் பார்க்கவே விரும்பாதவருக்கு என்னிடம் பேசியே ஆகவேண்டிய நிலைமை வந்தது. எனக்கு அதில் ஒரு குரூரமான திருப்தி இருந்தது.

மறுவாரமே அம்மா என்னை, முன்பு திருப்பி அனுப்பிய அதே பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போது வேறு ஹெட்மாஸ்டர், பதில் மட்டும் அதே பதில். இதற்கென்று இல்லம் இருக்கிறது, அங்கிருந்து எதற்குக் கூட்டிவந்தீர்கள் என்றார். பதினொரு வயதில் இரண்டாம் வகுப்புப் பாடம்தான் தெரிகிறது, எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்றார். மற்றப் பிள்ளைகளின் வீட்டில் ஆட்சேபிப்பார்கள், இது ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள் என்றார். கடைசியாக, விழுந்து வைத்தால் யார் ஜவாப்தாரி என்றார். அம்மா கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள். இவளும் தோற்றுவிட்டாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த நாள் ஏலம் எடுத்த மீனோடு, என்னையும் தூக்கிக்கொண்டு, தெருவுக்குப் போகாமல் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஹெட்மாஸ்டர் அறை ஜன்னலுக்கு நேராக, காம்பவுண்டுக்கு வெளியே சாக்கை விரித்துக் கடை போட்டாள். சுதும்பு மீனும் காரப்பொடி மீனும். வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறியது. பூனைகள் வந்தன, காக்கைகள் வந்தன. மீன் வாங்க வருகிற பெண்களிடம், என் மகளைச் சேர்க்கிறவரை இங்கேதான் வியாபாரம், எல்லோரிடமும் சொல்லுங்கள் என்றாள். செதிலையும் குடலையும் அங்கேயே கழித்துப்போட்டாள். ஹெட்மாஸ்டர் ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறி இல்லாத அறை. மறுபடி திறந்தார்.

போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடு, அவரும் மீன் தின்கிறவர்தான் என்றாள். பெற்றோர் சார்பில் கடைக்காரர் ஒருவர் வந்து, பள்ளிக்கூடத்தை மார்க்கெட்டாக்குகிறாயா என்று சத்தம் போட்டார். அவருக்கு அவள் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. நான் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளே நாலாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் முகம் சுளிப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது.

இப்படிப் பல நாள் போனபின் ஹெட்மாஸ்டர் வெளியே வந்தார். சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் விழுந்தால் பள்ளி பொறுப்பில்லை என்று எழுதிக் கொடு என்றார்.

"எனுக்கு எழுத வராது. வுழுந்தா நானே தூக்கிக்கிறேன்" என்றாள் அம்மா.

மூன்றாம் வகுப்பில், என் தோள்வரைகூட வராத பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். அங்கே எல்லாம் நல்லபடி முடிந்தது என்று யாராவது எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். என் பக்கத்தில் உட்கார எந்தப் பிள்ளையையும் விடவில்லை. கக்கூஸ் உயரமான படிகளுக்கு மேலே இருந்தது, என்னால் போக முடியாது. அதனால் காலையில் தண்ணீர் குடிக்கமாட்டேன். சாயங்காலம் அம்மா வந்து தூக்கிப்போகும் வரை அடக்கிக்கொண்டிருப்பேன். பள்ளிப்படிப்பு முடியும் வரை அப்படித்தான். அதன் பலனுக்கு இன்றும் மாத்திரை தின்கிறேன். புது ஷூ டவுன் ஆஸ்பத்திரியில் கிடைக்கப் பல மாதம் ஆனது. அதுவரை அம்மாவின் இடுப்புதான். அவள் இடுப்பெலும்பு இப்போது தேய்ந்து கிடக்கிறது. கட்டிலில் புரளும்போதெல்லாம், உன்னைத் தூக்கித்தான் இது போச்சு என்று என்னைத் திட்டுகிறாள். வேறு யாரையும் திட்ட முடியாதே, என்னையே திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்தாவதில் கணக்கில் ஒரு தடவை கோட்டை விட்டு, மறுபடி எழுதினேன். பிறகு ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை வந்தது. ஆர்டர் வந்த அன்று அப்பா கடற்கரையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். என் பொண்ணு, என் பொண்ணு என்றாராம். எனக்கும் ஒன்று கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கவில்லை. அதைத் தட்டில் வைத்துவிட்டுப் போனார். எறும்பு மொய்த்தபின் அம்மா எடுத்துக் கொட்டினாள். சில ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். நான் அழவில்லை என்று குப்பமே பேசியது. பேசட்டும்.

இப்போது நடந்துகொண்டிருக்கிற ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்துத் தெருவில் சின்ன வயதுக்காரி ஒருத்தி இருக்கிறாள், கம்பெனியில் பேக்கிங் வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவளுடைய ஏழு வயதுப் பையனுக்கு மூளைவாதம். கை, கால், கழுத்து எதுவும் சொன்னபடி கேட்காது, ஆனால் சொல்வதெல்லாம் புரிகிறது. அவனுக்கு வீட்டிலிருந்தே கல்வி என்று பள்ளியில் பெயர் எழுதியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருநாள் ஒரு டீச்சர் வந்து படம் காட்டிவிட்டுப் போவார். அதுவும் மழை என்றால் இல்லை. அவள் அவனைத் திருக்கனூர் பக்கம் ஒரு இல்லத்தில் விடப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. என் மூன்று சக்கர ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டேன். என் கதை முழுவதையும் சொன்னேன். அம்மா மீன் கடை போட்டதையும் சொன்னேன்.

அவள் பையனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒங்கம்மா கதய எங்கிட்ட சொல்லாதீங்கக்கா. அவுங்க கூடைய எங்க வேணா எறக்கி வைக்கலாம். நான் ஆறு மணிக்கு கம்பெனி பஸ்ஸு ஏறலன்னா வேல பூடும். இவன யாரு பாக்கறது, நீங்களா?"

எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். இப்போதைய ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, சட்டம் எல்லாம் எங்களுக்கும் தெரியும் என்று நல்லவிதமாகப் பேசினார். சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், அதில் டீச்சர்களின் வண்டி நின்றது. ஊனமுற்றவர்களுக்கான கழிப்பறை இருக்கிறது, அதற்குள் உடைந்த பெஞ்சு அடுக்கியிருந்தது. பெஞ்சு வெளியே வரும் வரை நான் வீட்டுக்குப் போவதில்லை என்றேன். மேலதிகாரி யார் யார், அவர்களுக்குப் போன் போட எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். மோர் அதற்குமேல் வரவில்லை. சாயங்காலத்துக்குள் பெஞ்சு வெளியே வந்தது. பையனைத் தினமும் வகுப்பில் உட்கார வைக்கச் சம்மதித்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருத்தர் பள்ளியிலேயே இருக்க வேண்டும். ஆயா போட ஆள் இல்லை என்றார்கள். அதையும் கேட்டுச் சண்டை போட்டேன், மனு கொடுத்தேன். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டு ஆள் என்றால் அவள்தான். கம்பெனி வேலையை விட்டாள். இப்போது விடியற்காலையில் மீன் ஏலத்தில் ஐஸ் வாருகிறாள், பிறகு வகுப்பு வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். பையன் எழுத்துக்களைக் கண்ணாலேயே காட்டுகிறானாம். டீச்சர் சொன்னார். அவள் என்னிடம் சொல்லவில்லை. என் வாயில் மண்ணைப் போட்டாள் இந்த அக்கா என்று தெருவில் எல்லோரிடமும் சொல்கிறாள். என் வண்டி வருவதைப் பார்த்தால் அவனுடைய சக்கர நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிவிடுகிறாள். அவன் கழுத்தை எப்படியோ ஒடித்து வளைத்து என்னைப் பார்க்கிறான். பார்த்துக் கத்துகிறான். சந்தோஷமா, திட்டுகிறானா என்று எனக்குப் புரிவதில்லை.

வருகிற ஜூனில் அவனுடைய வகுப்பை மாடிக்கு மாற்றப்போகிறார்கள் என்று கேள்வி. பள்ளி திறக்கும் அன்றைக்கு அங்கே போய் நிற்க நான் இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.